கூட உட்கார ஒரு ஆள்

திருச்சியில், மே மாதத்து மதிய வெயிலில், ஓடுகிற மின்விசிறியை எழுந்து போய் நிறுத்துகிற ஒரே மனுஷியை எனக்குத் தெரியும். அவர் எதிர்வீட்டு அக்கா. ஜன்னல்களைச் சாத்துவார், திரைச்சீலையை இழுத்துவிடுவார், கடைசியாக விசிறியின் சுவிட்சைத் தட்டுவார். "சத்தத்துல ஒண்ணும் கேக்காதும்மா" என்பார். அப்படிக் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றால், டிவியில் ஒரு களிமண் பொம்மை நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது வருகிற ஒரு சின்னக் கிறீச். அதற்காக நாங்கள் இரண்டு பேரும் வேர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

வங்கியில் மாற்றல் போட்டு நான் ஸ்ரீரங்கத்துக்கு வந்திருந்த காலம் அது. அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு அடுக்குமாடியில் தனியாகக் குடியிருந்தேன். கணவரும் மகனும் கோயம்புத்தூரில். அக்காவுக்கு அப்போது ஐம்பதைத் தொட்ட வயது. டவுனில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. காலையில் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் போவார், சாயங்காலம் அதே பஸ்ஸில் வருவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குக் குடியிருப்பில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கட்டம் போட்ட காட்டன் புடவை, தடித்த கண்ணாடி, படிய வாரிய தலை. பார்த்தால் கல்விக் கட்டண ரசீதில் கையெழுத்துப் போடுகிறவர் மாதிரிதான் இருப்பார். பேய் பிடித்த மரப்பொம்மைகளோடு வாழ்கிறவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நான் குடிவந்த அந்த வாரமே கதவைத் தட்டினார். தயிருக்கு உறை மோர் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து நான் கிண்ணத்தைத் தேடினேன். அவர் வாசலிலேயே நின்று, ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு வேலை ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"ஒரு படம் பார்க்கணும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். கூட உட்கார்ந்தா போதும்."

சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேர் என்னை எத்தனையோ வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் உட்காருவதற்கென்று கூப்பிட்டவர் இவர் ஒருவர்தான். அதனாலேயே போனேன்.

அன்றைக்கு அவர் போட்ட படத்தில் ஒரு மரப்பொம்மை இருந்தது. அதற்கு வாய் கிடையாது. வேளா வேளைக்குச் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்காரும், தட்டைப் பார்க்கும், எழுந்து போய்விடும். இதே மாதிரி போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒருநாள் பொம்மை வரத் தாமதமானபோது, மேஜைக்கு வாய் முளைத்துவிட்டது. அவ்வளவுதான் படம். வசனம் ஒரு வார்த்தை இல்லை. இதையெல்லாம் வேலைவெட்டி இல்லாமல் யார் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். அக்காவுக்கு என்மேல் கோபம் வரவில்லை. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அதைத்தான் கேக்கணும்" என்றார். யார் எடுத்தார்கள் என்பதுதான் அவருக்கும் முக்கியம்.

அந்த மாதிரிப் படங்களை எடுக்கிற விதத்தை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பொம்மையை ஒரு துளி நகர்த்தி ஒரு போட்டோ எடுப்பார்களாம். பிறகு இன்னொரு துளி நகர்த்தி இன்னொரு போட்டோ. ஒரு பொம்மை திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்குள் எடுக்கிறவருக்கு ஒரு நாள் போய்விடும். அக்கா கதையைப் பார்ப்பதே இல்லை. அந்த விரல்கள் பட்ட இடங்களைத்தான் தேடுவார். களிமண் கன்னத்தில் கட்டை விரல் ரேகை தெரியும். கம்பளி நாயின் முதுகில், காற்றே இல்லாத அறையில், மயிர் தன்னால் சிலிர்க்கும். அங்கேதான் யாரோ ஒவ்வொரு முறையும் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். அப்படி ஒன்று வந்தால் அக்கா என் மணிக்கட்டை ஒரு அழுத்து அழுத்துவார். பேச மாட்டார். நான் தலையாட்ட வேண்டும். தெரியாவிட்டாலும் ஆட்டிவிடுவேன்.

"தொட்டுட்டு ஒதுங்கிடறாங்க பாரு. நாம பார்க்கிறது பூரா அவங்க கையை எடுத்த நேரம்தான்" என்று ஒருமுறை சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

கம்ப்யூட்டரில் செய்கிற கார்ட்டூன் படங்கள் அவருக்கு ஆகாது. வழவழவென்று கழுவிவைத்த டைல்ஸ் மாதிரி இருக்கிறது, ஒரு மனுஷர் தொட்ட அடையாளம் இல்லை என்று திட்டுவார். அப்படியென்றால் இந்தக் கையால் செய்ததிலேயே நல்லதாக, சிரிப்பு வருகிற மாதிரி நாலு படம் போடக்கூடாதா, எதற்கு எப்போது பார்த்தாலும் இருட்டும் சாவும் என்று சண்டை பிடித்தேன். பொம்மை என்பது ஏற்கெனவே செத்த பொருள்தானே என்றார் அக்கா. கையை எடுத்தால் அது அப்படியே நின்றுவிடும். அதை மறைக்காமல் சொல்கிற படங்கள் அவருக்குப் பிடிக்கும்; மறைத்துவிட்டுக் கூத்தடிக்கிற படங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இதையெல்லாம் உளுந்து வடைக்கு மிளகு தட்டிக்கொண்டே சொல்வார். வடை பிரமாதமாக இருக்கும். படம் முடிந்த பிறகுதான் கிடைக்கும்.

ஒருமுறை இருவரும் சின்னக்கடை வீதிக்குத் தீபாவளித் துணி எடுக்கப் போனோம். நிற்க இடமில்லாத கூட்டம். ஒரு ஜவுளிக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பையன் பெண் பொம்மைக்குப் புடவை மாற்றிக்கொண்டிருந்தான். ஜாக்கெட் போடுவதற்காக அதன் ஒரு கையைத் திருகிக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தான். அக்கா நின்றுவிட்டார். போகிறவர் வருகிறவரெல்லாம் இடித்துக்கொண்டு போகிறார்கள், என் கையில் இரண்டு பை, ஒரு கிலோ காரச்சேவு வேறு. அவர் அசையவில்லை. பையன் பொம்மையின் கையை மாட்டி, விரல்களைத் திருப்பி, கொசுவத்தைச் சரி செய்து, கடைசியாக ஒரு எட்டு பின்னால் போய் நின்று பார்த்தான். அதுவரை நின்றார். "அந்த ஒரு எட்டுதான்" என்றார். எனக்குக் காலும் வலித்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இவரோடு நாம் ஏன் சுற்றுகிறோம் என்று தோன்றிய நாட்களில் அதுவும் ஒன்று.

எனக்கு முன்னால் பலரைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. கல்லூரியில் கூட வேலை பார்க்கும் அம்மா ஒருவர் ஒருநாள் வந்தாராம், பாதியில் தலைவலி என்று போய்விட்டாராம். கேபிள் இணைப்பைச் சரிசெய்ய வந்தவரைக் காபி கொடுத்து உட்காரவைத்திருக்கிறார். அவர் அடுத்த தடவை வேறு ஆளை அனுப்பிவிட்டார். மற்றவர்களெல்லாம் பெருந்தன்மையாக, பொம்மைப் படம்தானே, எங்கள் வீட்டுப் பிள்ளைகளை அனுப்புகிறோம் என்றார்களாம்.

நான் தொடர்ந்து போனேன் என்பதால் என்னை ரசிகை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாதிப் படங்களில் தூங்கியிருக்கிறேன். விசிறி இல்லாத இருட்டறையில் வேறென்ன செய்வது. விழித்துப் பார்த்து மன்னிப்புக் கேட்டால், "தூங்கினா என்ன, ஆளுதானே" என்பார். அது கேலி இல்லை. அவருக்கு நிஜமாகவே அது போதும்.

ஏன் தனியாகப் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள், பயமா என்று கேட்டேன் ஒருநாள். பயமெல்லாம் இல்லை என்றார். அவர் பள்ளிக்கூடம் படிக்கும்போது உப்பிலியபுரத்தில் அவர்கள் வீட்டில்தான் அந்தத் தெருவிலேயே டிவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வர வேண்டிய நிகழ்ச்சி வராமல், இடையில் எதையோ போட்டிருக்கிறார்கள். ஒரு பொம்மை கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலை வாருகிறது. கண்ணாடிக்குள் இருக்கிற பொம்மை வாராமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி அலறிக்கொண்டு ஓடிவிட்டான். இவர் ஒருவரே கடைசிவரை பார்த்தார். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. வெயிலில் கண்ணை மூடிக் கனா கண்டிருப்பாள் என்றுவிட்டார்கள். ஓடிப்போன தம்பி, அப்படி ஒரு படமே வரவில்லை என்று சாதித்தான். இன்றுவரை சாதிக்கிறான். இணையத்திலும் தேடாத இடமில்லை. அந்தப் படம் கிடைக்கவே இல்லை.

"நான் பார்த்தேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. அதுலேருந்து தனியா பார்க்கிறதில்ல. ஆமா, பார்த்தோம்னு சொல்ல ஒருத்தர் வேணும்ல."

அதைச் சொன்ன குரல் எனக்குத் தாங்கவில்லை. கோயம்புத்தூருக்குப் போகிற வாரங்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டேன். கணவர் போனில், உன் பொம்மை அக்கா எப்படி இருக்கிறார் என்று கிண்டல் செய்வார். பாவம், அவருக்கு யாருமில்லை என்று நான் பதில் சொல்வேன்.

அடுத்து வந்தது நவராத்திரி. எங்கள் குடியிருப்பில் கீழே பொது ஹாலில் கொலு வைப்பார்கள். அதற்கெல்லாம் தலைமை, மேல் மாடியில் இருந்த செக்ரட்டரி மாமி. ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து ஸ்ரீரங்கத்திலேயே வாழ்க்கைப்பட்டவர். மோட்டார் அறைச் சாவியிலிருந்து சுண்டலுக்கு உப்பு வரைக்கும் அவர் சொன்னதுதான். அந்த மாமி ஒருநாள் லிஃப்டில் அக்காவைப் பார்த்து, "நீங்க நெறைய பொம்மைப் படம் வச்சிண்டிருக்கேளாமே. கொலுவுக்குக் குழந்தேள்லாம் வரும், ஒண்ணு போடுங்கோளேன்" என்று கேட்டுவிட்டார். கொலு என்றால் பொம்மை. பொம்மை என்றால் பொம்மைப் படம். மாமியின் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. குடியிருப்பு வாட்ஸப் குழுவில், ஞாயிறு மாலை சிறுவர்களுக்குப் பொம்மைப் படம் என்று கைகூப்புகிற படத்தோடு செய்தி வந்தது.

அக்காவை அந்த வாரம் பார்க்க வேண்டுமே. ஹால் நிறைய ஆட்கள் தன்னோடு உட்காரப் போகிறார்கள். கல்யாணத்துக்குப் புடவை எடுப்பதுபோல ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்துத் தள்ளினார். குழந்தைகள் அக்கா, குழந்தைகள் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். அவர்களுக்குத்தான் புரியும் என்றார். வேண்டுமானால் இரத்தம் வராத படமாகப் பார்த்துப் போடுகிறேன் என்று எனக்காக இறங்கிவந்தார்.

அவர் தேர்ந்தெடுத்ததில் இரத்தம் இல்லைதான். ஒரு களிமண் கிழவர் தனியாக இருக்கிறார். பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும் என்று களிமண்ணில் ஒரு கிழவியைச் செய்ய ஆரம்பிக்கிறார். வீட்டில் வேறு களிமண் இல்லை. தன் மூக்கை எடுத்து அவளுக்கு வைக்கிறார். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தன. காதை எடுத்து வைத்தார். அதற்கும் சிரிப்பு. தோளிலிருந்து ஒரு பிடி, தொடையிலிருந்து ஒரு பிடி என்று எடுக்க எடுக்கக் கிழவர் சிறுத்துக்கொண்டே வந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு குட்டி, "தாத்தாவுக்கு வலிக்கலையா?" என்று கேட்டது. யாரும் பதில் சொல்லாததால் அழ ஆரம்பித்தது. ஒன்று அழுதால் போதாதா. ஹால் முழுக்கக் கூக்குரல். மாமி மடிசார் சரசரக்க எழுந்து டிவிக்கு முன்னால் வந்து நின்றார். கிழவரின் பாதி முகம் மாமியின் புடவைக்குப் பின்னால் மறைந்தது.

"நிறுத்துங்கோ. கொலுவும் அதுவுமா என்ன கண்றாவி இது."

அக்கா போய் நிறுத்தினார். கடைசி வரிசையில் நாற்காலியில் இருந்த மாமியின் கணவர் மட்டும், அந்தக் கிழவன் என்ன ஆனான் என்று சத்தமாகக் கேட்டார். மாமி பார்த்த பார்வையில் அவரும் அடங்கிவிட்டார். சுண்டல் கொடுத்தார்கள். அக்கா தன் பங்கைக் கையில் வைத்தபடியே மாடி ஏறினார்.

அதன் பிறகு குடியிருப்பில் அவரை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வாசலில் பார்த்தால் பிள்ளைகளைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, நன்றாக இருக்கீங்களா என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். அக்கா லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் போக ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கதவைத் தட்டுவதற்கு முன்பே திறந்து வைத்திருந்தார். எனக்கு ஒரு காய்ச்சல் வந்த வாரம், என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்துப் படம் போட்டார். அன்று நான் கண்ணைத் திறக்கவே இல்லை. ஆனாலும் முடிந்ததும், "பார்த்தோம்ல?" என்றார். பார்த்தோம் என்றேன்.

பிறகு எனக்குக் கோயம்புத்தூருக்கே மாற்றல் வந்தது. வீட்டில் எல்லோரும் கொண்டாடினார்கள். அக்காவிடம் சொல்லத்தான் எனக்குப் பயம். சொன்னபோது அவர், நல்லதும்மா, பிள்ளையோட இருக்கலாம் என்றார். வடை மாவை அரைத்து வழித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வடையில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை.

போனில் பார்க்கலாம் என்பது என் யோசனை. ஞாயிறு மதியம் நான் கூப்பிடுவேன். இரண்டு பேரும் ஒரே படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒரே நேரத்தில் ஓடவிடுவோம். போன் பக்கத்தில் திறந்தே இருக்கும். பேச்சு கிடையாது. அங்கே அவர் மூச்சு விடுவது இங்கே கேட்கும். மணிக்கட்டை அழுத்த வழியில்லாததால், கை தெரிகிற இடம் வந்தால் தொண்டையைச் செருமுவார். நானும் செருமுவேன். ஒரு விஷயத்தை மறைப்பானேன்: நான் தூங்குவது நின்றுபோயிருந்தது. கம்பளி நாயின் முதுகில் எங்கே மயிர் சிலிர்க்கிறது என்று எனக்கே தெரிய ஆரம்பித்திருந்தது. சில சமயம் அவருக்கு முன்னால் நான் செருமினேன்.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. ஒரு ஞாயிறு, படம் தொடங்குவதற்கு முன்னால் அக்கா ஒரு செய்தி சொன்னார். மேல் மாடி மாமா தவறிப்போய்ச் சில மாதம் ஆகிறது. கடைசிக் காலத்தில் அவருக்கு ஞாபகம் எல்லாம் கலைந்துவிட்டது. மாமியையே யார் என்று கேட்பார். ஆனால் அந்தக் கிழவன் என்ன ஆனான் என்று மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாராம். மாமிக்கு முதலில் எந்தக் கிழவன் என்றே புரியவில்லையாம். முந்தின நாள் மாமி கதவைத் தட்டி, வாசலிலேயே நின்றுகொண்டு அந்தப் படத்தைக் கடைசிவரை போடச் சொல்லியிருக்கிறார்.

போட்டிருக்கிறார். கிழவர் கடைசியில் ஒரு உள்ளங்கை அளவுக்கு ஆகிவிடுகிறார். அந்தப் பிடியும் தானே கிழவியின் உச்சந்தலையில் ஏறி அழுந்திக்கொள்கிறது. இப்போது கிழவி முழுசாகிவிட்டாள். கண் திறந்து, தன்னைச் செய்தவர் யார் என்று வீடு முழுக்கத் தேடுகிறாள். மாமி அழவில்லையாம். இன்னொரு தடவை போடுங்கோ என்றாராம்.

மாமிக்கு நல்லது நடந்தது என்று நானும் சந்தோஷப்பட்டேன். அடுத்த சில வாரங்களில் போனின் அந்தப் பக்கத்தில் இரண்டு மூச்சு கேட்டது. பிறகு பேச்சும் கேட்டது. படம் ஓடும்போது பேசக்கூடாது என்பதெல்லாம் மாமிக்குச் செல்லாது போலிருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. நாற்பது தாண்டியவள், ஒரு வங்கிக் கிளையின் மேலாளர், பொம்மைப் படத்துக்காக ஒரு மாமியின்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன மார்கழியில் ஆபீஸ் கூட்டம் ஒன்றுக்காகத் திருச்சி போனேன். அது முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பி, சொல்லாமல் ஸ்ரீரங்கம் போய் நின்றேன். அக்கா கட்டிக்கொண்டார். முடி நன்றாக நரைத்திருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தார். மாமி, "வாங்கோ வாங்கோ, உங்களைப் பத்தித்தான் பேசிண்டே இருப்போம்" என்றார். எனக்கு உள்ளேயிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து பின்னால் போட்டார்கள். படத்தில் தொப்பி போட்ட ஒரு தகரப் பொம்மை வந்தது. மாமி, "வந்துட்டாரா நம்ம பிளம்பர்" என்றார். இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. யார் அந்த பிளம்பர், என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்து முடித்துச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். அதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது அக்கா படிவரைக்கும் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை நாளா நீ எனக்காக ரொம்ப மெனக்கெட்டுட்டேம்மா. வாராவாரம் போன் பண்ணிக்கிட்டு. இனிமே ஞாயித்துக்கிழமை பிள்ளையோட, அவரோட இரு. எனக்குத்தான் இப்ப ஆள் இருக்குல்ல."

அன்பாகத்தான் சொன்னார். என்மேல் இருந்த ஒரு சுமையை இறக்கிவைக்கிற முகம். சரிக்கா என்றேன். உள்ளேயிருந்து மாமி கூப்பிட்டார், அக்கா இதோ வந்துட்டேன் என்று திரும்பிப் போனார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. கணவருக்குப் போன் செய்து, கிளம்பிவிட்டேன் என்றேன். சரி, வா என்றார். கோயம்புத்தூர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் மூன்று பேரும் மூன்று அறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்போம் என்பதை நான் அக்காவிடம் ஒருநாளும் சொன்னதில்லை.